கரையிலிருந்து வீச எந்த கன்வென்ஷனல் ரீல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூண்டில் போட்டு மீன்பிடிக்கும்போது, படகிலிருந்து நேரே கீழே இறக்குகிற ரீல் வேறு. கரையில் நின்று 150 கிராம் ஈயத்தை அலை உடையும் இடத்துக்கு அப்பால் வீசுகிற ரீல் வேறு. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும், பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியில் அச்சடித்திருக்கும் விவரங்களோ பெரும்பாலும் படகுக்காரருக்குத் தேவையானவை. ஸ்பின்னிங் ரீலில் ஓரளவு பழகிவிட்டு இதற்கு மாற நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கன்வென்ஷனல் ரீல் என்றால் எது? மல்டிபிளையர் என்பதும் இதுதானா?

இரண்டும் ஒன்றுதான். ராடின், அதாவது தூண்டில் கம்பின், மேல்பக்கம் உட்காரும். குறுக்கே கிடக்கும் ஸ்பூலே (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுழன்று நரம்பை, அதாவது தூண்டில் நூலை, விடும். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் கியர் ஸ்பூலைப் பல சுற்றுகள் சுழற்றும். மல்டிபிளையர் என்ற பெயர் அதனால் வந்தது.

ஸ்பின்னிங் ரீலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நூல்கண்டை வைத்தே பார்த்துவிடலாம். கண்டை மேசையில் நிற்க வைத்து நூலை மேல்பக்கமாக உருவினால் கண்டு அசையாது, நூல் மட்டும் வளையம் வளையமாகக் கழன்று வரும். அது ஸ்பின்னிங். அதே கண்டின் நடுவே பென்சிலைச் செருகி, படுக்கவைத்துப் பிடித்து நூலை இழுத்தால் கண்டே சுழலும். இது கன்வென்ஷனல். இப்போது நூலை வெடுக்கென்று இழுத்து, சட்டென்று நிறுத்துங்கள். கை நின்றுவிடும், கண்டு நிற்காது. சுற்றிக்கொண்டே நூலைக் கக்கும். இந்த ரீலின் சங்கடம் முழுவதும் அந்த ஒரு விநாடிக்குள் இருக்கிறது.

அப்படியானால் ஸ்பின்னிங்கே போதுமே, இது எதற்கு?

பலருக்குப் போதும்தான். 60, 70 கிராமுக்குக் கீழே லூர் (செயற்கை இரை) வீசுபவர், அடிக்கடி எதிர்காற்றில் நிற்பவர், ஆண்டுக்கு நாலு முறை மட்டும் கரைக்குப் போகிறவர், இவர்களெல்லாம் மாற வேண்டிய அவசியமே இல்லை.

எடை கூடும்போது கதை மாறும். 150, 170 கிராம் ஈயத்தோடு இரையும் சேர்த்து முழு பலத்தோடு வீசும்போது, ஸ்பின்னிங் ரீலில் நரம்பைப் பிடித்திருப்பது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். விரல் கிழியும், அல்லது பிடி நழுவும். கன்வென்ஷனலில் கட்டைவிரல் முழு ஸ்பூலையும் அழுத்திப் பிடிக்கும். தடித்த நரம்பைப் போட்டாலும் தூரம் அவ்வளவாகக் குறையாது. பாறையும் பாசியும் உள்ள இடத்தில் பாரமான மீனை இழுக்கும்போது, நரம்பு எங்கும் திரும்பாமல் நேராக ஸ்பூலில் ஏறுவதால் கையின் பலம் வீணாகாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அசையாத ஸ்பூல் உள்ள ரீலுக்கு, அதாவது ஸ்பின்னிங் ரீலுக்கு, இங்கிலாந்தின் இல்லிங்வொர்த் என்பவர் காப்புரிமை பெற்றது 1905-இல். சுழலும் ஸ்பூல் ரீல்களையோ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் கெண்டக்கியில் கடிகார வேலை தெரிந்தவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். ‘பழைய ரகம்’ என்று இதைச் சொல்வது உண்மைதான். ஆனால் சிக்கைத் தடுக்கும் வழிகள் அன்றிலிருந்து நிறைய மாறிவிட்டன.

சிக்கு ஏன் விழுகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈயம் வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு நிறைந்த ஸ்பூலின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 157 மில்லிமீட்டர். அந்த வேகத்துக்கு நரம்பு விட, ஸ்பூல் வினாடிக்கு 250 தடவைக்கு மேல் சுழல வேண்டும். நிமிடக் கணக்கில் 15,000 சுற்று! நின்றிருந்த ஸ்பூல் கண் இமைப்பதற்குள் அந்த வேகத்துக்கு ஏறிவிடுகிறது.

கிளம்பிய மறுகணமே காற்று ஈயத்தின் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ஸ்பூலுக்கோ குறைய வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. ஸ்பூல் விடுகிற அளவு நரம்பை ஈயம் இழுத்துக்கொள்ளாவிட்டால், மிச்சம் ஸ்பூலின் மேலேயே பொங்கி, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, குருவிக்கூடு கட்டிவிடும். ஆபத்தான நேரங்கள் இரண்டு: வீச்சின் முதல் நொடி, ஈயம் தண்ணீரைத் தொடும் நொடி. முதலாவதைப் பெரும்பாலும் பிரேக் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்கு உங்கள் கட்டைவிரல்தான் பொறுப்பு, அதற்கு மாற்று இல்லை.

ரீல் வாங்கும்போது ‘ஸ்பூல் எவ்வளவு லேசு, அதை எது அடக்குகிறது’ என்று முதலில் பாருங்கள் என நான் சொல்வது இதனால்தான். டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் அமைப்பு) எத்தனை கிலோ, பேரிங் எத்தனை என்பதெல்லாம் பிறகு.

மையவிலக்கு பிரேக்கா, காந்த பிரேக்கா?

மையவிலக்கு பிரேக்கில் ஸ்பூலோடு சேர்ந்து சுழலும் சிறு கட்டைகள் உண்டு. வேகம் ஏற ஏற அவை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. வேகம் உச்சத்தில் இருக்கும் முதல் நொடியில் இறுக்கிப் பிடித்துவிட்டு, குறையக் குறைய ஸ்பூலைத் தாராளமாக விட்டுவிடும். ஆபூ கார்சியாவின் அம்பாசடர் 6500 வரிசை இதற்குப் பேர்போனது. குறை என்னவென்றால், பல ரீல்களில் கட்டையை மாற்றப் பக்கத்தட்டைக் கழற்ற வேண்டும். அரிசிமணி அளவுக் கட்டை அது. ஈரக்கையோடு, மணலில் நின்றுகொண்டு இதைச் செய்து பார்த்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

காந்த பிரேக்கில் எதுவும் உரசாது. சுழலும் அலுமினிய ஸ்பூலுக்கு அருகே காந்தங்கள் இருக்கும். அவற்றால் ஸ்பூலில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதுவே சுழற்சியைத் தடுக்கும். தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் வீச்சின் நடுவிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்கும். பென் 525 மேக் மாதிரியான ரீல்களில் வெளியே ஒரு திருகோ நகர்த்தியோ இருக்கும். காற்று எதிரே திரும்பினால் இரண்டு படி கூட்டலாம், பின்னாலிருந்து வீசினால் குறைக்கலாம், எதையும் கழற்ற வேண்டாம்.

முதன்முறை வாங்குபவருக்கு வெளியிலிருந்து திருப்பக்கூடிய காந்த பிரேக்கையே நான் சொல்வேன். கடைசி பத்து மீட்டர் குறைந்தாலும் பரவாயில்லை. முழு பிரேக்கில் தொடங்கி, கை பழகப் பழகக் குறைத்துக்கொள்ளும் வசதி வேறெதிலும் இத்தனை சுலபமாகக் கிடைக்காது. ஒரே ஓர் எச்சரிக்கை: இரும்புத்தாது கலந்த கருமணல் உள்ள கரையில் ரீலைக் கீழே வைத்துவிடாதீர்கள். காந்தம் அந்த மணலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஸ்பூல் சுழலும்போது கரகரவென்று கேட்கும்.

ஸ்பூல் எந்த உலோகம், எவ்வளவு அகலம்?

அலுமினியம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பித்தளை ஸ்பூல் பலமானது, ஆனால் கனம். கிளப்புவதும் கஷ்டம், கிளம்பினால் நிறுத்துவதும் கஷ்டம். பிளாஸ்டிக் ஸ்பூல் லேசானது, ஆனால் நைலான் நரம்பு இழுவிசையில் நீண்டு, பிறகு சுருங்கும்போது உட்பக்கத்தை நெரிக்கும். என்னிடம் ஒரு பழைய ரீல் இருந்தது. பெரிய மீன் ஒன்றோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், ஸ்பூலின் ஒரு விளிம்பு தலைமுடி அளவு விரிசலோடு வெளியே சாய்ந்திருந்தது. மீன் வந்துவிட்டது, ரீல் போய்விட்டது. தவிர, பிளாஸ்டிக் ஸ்பூலில் மின்னோட்டம் உண்டாகாது என்பதால் காந்த பிரேக்கும் அதில் வேலை செய்யாது.

அகலம் உங்கள் கட்டைவிரலைப் பொறுத்தது. சுற்றி எடுக்கும்போது நரம்பை இடமும் வலமுமாகப் பரப்புவது கட்டைவிரல்தான். அதை எட்டாத அகலத்தில் ஸ்பூல் இருந்தால் நரம்பு நடுவில் மேடு கட்டும், அடுத்த வீச்சில் அந்த மேடு சரியும். கடையில் ரீலை ஒரு ராடில் பூட்டித் தரச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஸ்பூலின் இரு ஓரத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரவில் அப்படித்தான் செய்யப்போகிறீர்கள். மேலே குறுக்குக் கம்பி இருந்து விரலை மறித்தால் அந்த ரீல் வேண்டாம்.

நரம்பைத் தானே பரப்பும் லெவல்வைண்டு இருந்தால் நல்லதுதானே?

சுற்றி எடுக்கும்போது சுகம். தூரமாக வீசும்போது அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். ஒரு சிறிய கண் வழியாக மொத்த நரம்பும் பாய வேண்டியிருக்கிறது. சில ரீல்களில் ஸ்பூல் சுழலும்போது அந்தக் கண்ணும் இடவலமாக ஓட வேண்டும், அதுவே ஒரு பிரேக். சிலவற்றில் கண் நின்றுவிடும்; அப்போது ஸ்பூலின் ஓரத்திலிருந்து வரும் நரம்பு கோணலாக உரசிக்கொண்டு போகும். ஷாக்லீடர், அதாவது வீச்சின் அதிர்ச்சியைத் தாங்க நரம்பின் முனையில் கட்டும் தடித்த நரம்பு, அதன் முடிச்சும் அந்தக் கண்ணில்தான் மோதும். இதற்கெல்லாம் மேல், உப்பும் மணலும் முதலில் கெடுப்பது அந்தக் கண்ணை நகர்த்தும் திருகுத்தண்டைத்தான்.

ஆற்றங்கரையிலோ துறைமுகச் சுவரிலோ 50, 60 மீட்டர் போதும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் லெவல்வைண்டு இல்லாத ரீல். அம்பாசடர் வரிசையிலேயே ‘சிடி’ என்று முடியும் மாதிரிகள் தூரவீச்சுக்காக அதை எடுத்துவிட்டு வருபவை.

எந்த அளவு வாங்குவது?

திறந்த மணற்கரைக்கு 6500 அளவு ரீல் போதும். 0.35 மில்லிமீட்டர் நரம்பு 200 மீட்டருக்கு மேல் கொள்ளும். 100 மீட்டர் வீசினாலும் மீன் ஓட மிச்சம் இருக்கும். பாறைக்கரை, பெரிய மீன், 0.45 அல்லது 0.50 மில்லிமீட்டர் நரம்பு என்றால் 7000 அளவுக்கோ, டைவாவின் 30 எண் சீலைன் அளவுக்கோ போகலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிதாக வாங்குவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே அதிகமானது. ஸ்பூல் பெரிதாகப் பெரிதாக அதன் உந்தம் ஏறும், சிக்கும் ஏறும்.

கியர் விகிதம்?

எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நரம்பு ஏறுகிறது என்பதே கேள்வி. விட்டம் 45 மில்லிமீட்டர், விகிதம் 6:1 என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர். 4:1 என்றால் 56 சென்டிமீட்டர் சொச்சம். பாறைத் தரையில் வேகமான ரீல் உதவும், ஈயம் சட்டென்று மேலெழுந்து இடுக்குகளைத் தாண்டி வரும். வெறும் பலம்தான் வேண்டும், பாசிக் குவியலோடு சேர்த்து இழுக்க வேண்டும் என்றால் குறைந்த விகிதம். எனக்கு 5-க்கும் 6-க்கும் நடுவே பிடிக்கும்.

ஸ்டார் டிராக்கா, லீவர் டிராக்கா?

வீசுவதற்கு ஸ்டார், அதாவது டிராக்கை நட்சத்திர வடிவச் சக்கரத்தால் இறுக்கும் வகை. லீவர் வகையில் அதை ஒரு நெம்புகோல் இறுக்கும். கிளட்சை விட்டதும் ஸ்பூல் கியரிலிருந்து முழுவதுமாகப் பிரிந்துவிடும். லீவர் வகையிலும் நன்றாக வீசுகிற ரீல்கள் இருக்கின்றன, ஆனால் அது முதல் ரீலாக வேண்டாம்.

பெட்டியில் ‘12 கிலோ டிராக்’ என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 7 கிலோ தாங்கும் நரம்புக்கு டிராக்கை அதில் மூன்றிலொரு பங்கில் வைப்பது வழக்கம், அதாவது இரண்டே கால் கிலோ சொச்சம். அந்த இரண்டு கிலோவில் டிராக் திக்காமல், வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதைக் கையால் இழுத்துப் பாருங்கள்.

பேரிங் நிறைய இருந்தால் தூரம் கூடுமா?

ஸ்பூலின் இரு முனையிலும் ஒவ்வொன்று, மொத்தம் இரண்டு. வீச்சுக்கு வேண்டியவை அவை மட்டும்தான். மீதியெல்லாம் கைப்பிடிக்கும் விளம்பரத்துக்கும். அந்த இரண்டில் ஊற்றும் எண்ணெயும் ஒரு பிரேக்தான்: தண்ணீர் மாதிரி எண்ணெய் விட்டால் ஸ்பூல் காட்டுக்குதிரை, கெட்டி எண்ணெய் விட்டால் அடங்கும். கிரீஸ் கியருக்கு மட்டும்.

பிரெய்டு போடலாமா?

பிரெய்டு என்பது பல இழைகளைப் பின்னிய நரம்பு. கை பழகிய பிறகு போடலாம், தொடக்கத்தில் வேண்டாம். நைலான் சிக்கைப் பொறுமையாக, ஒரு வளையத்தை இழுத்து, கட்டைவிரலால் அழுத்திச் சுற்றி, மறுபடி இழுத்துப் பிரித்துவிடலாம். பிரெய்டு சிக்கு பெரும்பாலும் கத்தரிக்கோலில்தான் முடியும். தளர்வாகச் சுற்றிய பிரெய்டு, மீன் இழுக்கும்போது கீழ் அடுக்குகளுக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் அங்கேயே சிக்கி, ஈயம் அறுந்து பறக்கும். வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டு மொத்தமாக வழுக்கிச் சுழல்வதும் உண்டு, அடியில் சில மீட்டர் நைலான் சுற்றிக்கொண்டால் சரியாகும்.

ஷாக்லீடரை மட்டும் எந்த நரம்பிலும் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் அவுன்ஸ் ஈயத்துக்கும் 10 பவுண்டு தாங்கும் பலம் என்பது நெடுநாள் கணக்கு. 150 கிராம் என்பது ஐந்து அவுன்சுக்குச் சற்று மேல், ஆகவே 60 பவுண்டு லீடர். வீசத் தயாராக நிற்கும்போது அது ஸ்பூலில் ஆறேழு சுற்றாவது இருக்க வேண்டும். முடிச்சைக் கட்டைவிரல் படாத ஓரமாக ஒதுக்கி வையுங்கள். ஒருமுறை நான் அதைக் கவனிக்காமல் வீசியதில், விரலின் சதையைக் கோடு போட்டதுபோல் முடிச்சு கீறிக்கொண்டு போனது. உப்புத்தண்ணீரில் அது எரிந்த எரிச்சல் இரண்டு நாள். அப்புறம் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி விரலுறையாகப் போட்டுக்கொண்டேன். ஈரத்தில் வழுக்காமல் பிடிக்கவும் அதுவே நல்லது.

வாங்கியாகிவிட்டது. முதல் நாள் என்ன செய்வது?

கடலுக்குப் போகாதீர்கள். ஆளில்லாத வெட்டவெளிக்குப் போங்கள். 150 கிராம் ஈயம் அறுந்து பறந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரிதான், முன்னால் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் ஆள் இருக்கக் கூடாது.

நரம்பை விளிம்புக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். ததும்ப நிறைத்த ஸ்பூல் முரண்டு பிடிக்கும். பக்கத்தில் உள்ள குமிழைத் திருகி, ஸ்பூல் பக்கவாட்டில் மயிரிழை அளவு ஆடும்படி விடுங்கள். பெரும்பாலானவர்கள் அதை நெரித்து வைத்து பேரிங்கைக் கெடுக்கிறார்கள். பிரேக் முழுவதும். பிறகு 60 மீட்டர் நரம்பைக் கையால் இழுத்து விட்டுவிட்டு, ஸ்பூலில் மிச்சமுள்ள நரம்பின்மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். அப்புறம் திரும்பச் சுற்றி எடுத்துவிட்டு வீசுங்கள். எவ்வளவு மோசமான சிக்கு விழுந்தாலும் டேப்புக்குக் கீழே இறங்காது.

வேகமாக விசிற வேண்டாம், தள்ளுகிற மாதிரி மெதுவாகத் தொடங்கி முடிவில் வேகம் கூட்டுங்கள். வெட்டி இழுத்தால் எந்த பிரேக்கும் காப்பாற்றாது. பத்து வீச்சு சிக்கில்லாமல் போனால் பிரேக்கை ஒரு படி குறையுங்கள். இரை கட்டியதும் மறுபடி ஒரு படி கூட்டுங்கள், இரை காற்றில் படபடத்து ஈயத்தின் வேகத்தைக் குறைக்கும்.

பழைய ரீல் கிடைக்கிறது, வாங்கலாமா?

நல்ல பழைய ரீல், சுமாரான புது ரீலைவிட மேல். கிளட்சை விட்டு ஸ்பூலைச் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். சன்னமான ரீங்காரம் நல்லது. கரகரப்பு என்றால் பேரிங், அதை மாற்றிவிடலாம். ஸ்பூல் தள்ளாடிச் சுழன்றால் அச்சு வளைந்திருக்கிறது, வாங்காதீர்கள். கைப்பிடியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள், சிறிது ஆடிவிட்டு டக்கென்று நிற்க வேண்டும். மாற்று உதிரிகள் கிடைக்கும் மாதிரிதானா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடலிலிருந்து வந்ததும் குழாயில் கழுவலாமா?

பீய்ச்சி அடிக்கக் கூடாது, உப்பை உள்ளே தள்ளிவிடும். டிராக்கை இறுக்கிக்கொண்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, மேலாக லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் காய வையுங்கள். காய்ந்ததும் டிராக்கை முழுவதும் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வாஷர்கள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். சில முறைக்கு ஒருதரம் ஸ்பூலைக் கழற்றி, பழைய எண்ணெயைத் துடைத்து, பேரிங் ஒன்றுக்கு ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும்.